பழந்தின்னி வௌவாலும் கிதார் மீனும் – ஒப்பீடு

இந்தியப் பழந்தின்னி வௌவால், அகன்றமூக்குக் கிதார் மீன் ஆகியன புதுச்சேரி அமைந்துள்ள சோழமண்டலக் கடற்கரைப் பகுதிக்குரிய இரு முதுகெலும்பிகள் ஆகும். முன்னது மரங்களில் தங்கும் பாலூட்டி. பின்னது திருக்கையைப் போன்ற தட்டையான மீன். தோற்றத்தில் காணப்படும் ஒற்றுமையை விட, இரண்டும் மெதுவாகவே இனம்பெருக்குகின்றன என்பதே முதன்மையான ஒற்றுமையாகும்.

பெயர்

வௌவாலின் அறிவியல் பெயர் டெரோபஸ் மீடியஸ். பழைய நூல்களில் இது டெரோபஸ் ஜைஜாண்டியஸ் எனக் குறிக்கப்பட்டது. கிதார் மீனின் அறிவியல் பெயர் கிளாக்கோஸ்டெகஸ் ஒப்டூசஸ். புதுச்சேரியிலும் மலபாரிலும் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு மியுல்லர், ஹென்லே என்னும் செருமானிய அறிஞர்கள் 1841 இல் இதனை விவரித்தனர்.

உடலமைப்பு

வௌவாலின் இறக்கை, நீண்ட விரலெலும்புகளுக்கு இடையே விரிந்த தோலால் ஆனது. கிதார் மீனின் மார்புத் துடுப்புகள் தலையுடன் இணைந்து அகன்றுள்ளன. இதன் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பாகும். வௌவால் இறக்கையடித்துப் பறக்கிறது. கிதார் மீனோ சுறாவைப் போல வாலை அசைத்தே நீந்துகிறது.

உணவு

வௌவால் பார்வையாலும் மோப்பத்தாலும் பழங்களைக் கண்டறிகிறது. ஆல், அத்தி முதலியவற்றின் விதைகளைத் தொலைவிடங்களுக்குப் பரப்புகிறது. கிதார் மீனின் வாய் உடலின் அடிப்புறத்தில் உள்ளது; கடலடியில் வாழும் இறால், நண்டு போன்றவற்றை இது உண்கிறது.

இனப்பெருக்கம்

வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். கிதார் மீனின் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குட்டிகளாக வெளிவருகின்றன. இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் போல, பிடிபட்டவற்றின் இழப்பை இது விரைவில் ஈடுசெய்ய இயலாது.

காப்புநிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வௌவாலைத் தீவாய்ப்பு குறைந்த இனமாகவும், கிதார் மீனை மிக அருகிய இனமாகவும் வகைப்படுத்தியுள்ளது. 1972 ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை நீக்கியது. கிதார் மீன்கள் பிற மீன்களுக்காக வீசப்படும் இழுவலைகளிலும் செவுள்வலைகளிலும் சிக்குகின்றன. இவற்றின் துடுப்புகளுக்குப் பன்னாட்டுச் சந்தையில் உயர்ந்த விலை உண்டு. 2019 இல் இப்பேரினம் முழுவதும் அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான உடன்படிக்கையின் இரண்டாம் பிற்சேர்க்கையில் சேர்க்கப்பட்டது.

வௌவால்கள் தங்கும் மரம் வெட்டப்பட்டால் அவ்விழப்பை ஊரார் காண்பர். கலங்கிய கரையோர நீரில் வாழும் கிதார் மீனின் குறைவோ, வலையில் அது அகப்படாமல் போகும்போதுதான் தெரியவருகிறது.