அடும்பும் பூநாரையும்

தமிழாசிரியன் ஒருவன் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபது வருஷ காலமாக நெய்தல் திணைப் பாடல்களை வகுப்பில் நடத்தி வருகிறேன். "அடும்பு: கடற்கரையில் படரும் ஒருவகைக் கொடி" என்று கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகளும் பயபக்தியுடன் எழுதிக் கொள்வார்கள். சென்ற வருஷம் ஒரு பெண் எழுந்து, "அது எப்படி இருக்கும், ஸார்?" என்று கேட்டு விட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் எங்கள் பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டிக்கு அருகில் இருக்கிறது. கடல் ஒன்றும் காத தூரத்தில் இல்லை.

அந்தக் கேள்வியின் பயனாகவே, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு பிள்ளைகளுடன் பழவேற்காட்டுக்குப் பிரயாணமானேன். கட்டுச்சோறு, தண்ணீர், நண்பரிடம் இரவல் வாங்கிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று. வேறு ஆடம்பரம் இல்லை. தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைப் பின்னால் விட்டு, ரயிலில் பொன்னேரிக்கு வந்து, அங்கே பஸ் பிடித்தோம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு என்பதுதான் எங்கள் பக்ஷி சாஸ்திரத்தின் ஆரம்ப நிலை. வழியில் ஒரு வயலில் நின்ற பறவை அதைக் குலைத்தது. அதன் அலகின் நடுவே ஓர் இடைவெளி. வாயை மூடினாலும் அது மூடுவதில்லை. "வாயை மூடத் தெரியாத கொக்கு, ஸார்!" என்றான் ஒரு பையன். (வகுப்பில் அவனுக்கும் அதே குறைதான்.) அது கொக்கு அன்று, நத்தைகுத்தி நாரை. வயல் நத்தையைப் பிடித்து உண்பதற்கென்றே அமைந்த அலகு அது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது.

பழவேற்காட்டு ஏரியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஒரிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி, நமது தேசத்தின் உவர்நீர் ஏரிகளில் பெரியது இதுவே. பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் வருஷத்தில் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே, ராக்கெட்டுகள் புறப்படும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீளமாகக் கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை அழிந்து விட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றில் சிரத்தை இல்லை. எனக்கும் அன்று இல்லை.

படகில் போகலாம் என்று பையன்கள் நச்சரித்தார்கள். நான் இணங்கவில்லை. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து, உல்லாசமாக வந்த 22 பேர் மாண்டு போனார்கள். ஆகவே பாலத்தின் வழியே நடந்தே ஏரியைக் கடந்தோம்.

பாலத்தின்மேல் வலையைத் தோளில் போட்டுக் கொண்டு ஒரு முதியவர் வந்தார். வடக்கே தண்ணீரில் சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல் ஏதோ தெரிந்தது. "பெரியவரே, அது என்ன, மணல் திட்டா?" என்று கேட்டேன்.

"மணலா? நல்லாப் பாருங்க, வாத்தியாரய்யா. பூநாரை!"

கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. நூற்றுக்கணக்கான பறவைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்தி மேய்ந்து கொண்டிருந்தன. நாக்கினால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும்போது, அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற விளிம்புகளில் பாசியும் நுண்ணுயிர்களும் தங்கி விடுகின்றன. அவற்றின் செந்நிறமே அந்த ஆகாரத்தினால் வருவதுதான்; குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கிறது. திடீரென்று ஒரு பகுதி எழுந்து பறந்தது. மூடியிருந்த சிறகுகள் விரிந்ததும், வெள்ளைக் கோடு முழுவதும் ரோஜா நிறமாயிற்று. பன்னிரண்டு வாய்களும் ஏககாலத்தில் அடைத்துப் போயின. வகுப்பில் இதை நான் ஒரு நாளும் சாதித்ததில்லை.

பாலத்துக்கு அப்பால் கலங்கரை விளக்கமும் மீனவர் குப்பமும். அதற்கு அப்பால் சமுத்திரம். மணலில் முள்பந்து ஒன்று காற்றில் உருண்டோடியது. இராவணன் மீசை என்னும் புல்லின் காய்க்கொத்து அது. இப்படி ஓடித்தான் விதை தூவுகிறது. பையன்கள் அதைத் துரத்திக் கொண்டு ஓடினார்கள்.

அந்தப் பெண் மட்டும் ஓடவில்லை. காலடியில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டி, கருவாடு காய வைத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "இது என்ன கொடி, பாட்டி?" என்றாள்.

"அடம்பங்கொடி, கண்ணு. ஆடுகூட அவ்வளவாக் கடிக்காது."

ஊதா நிறப் பூ. நடுவில் பிளந்த இலை. சாஸ்திரக்காரர்கள் இதற்கு வைத்த லத்தீன் பெயரில் 'ஆட்டின் கால்' என்று பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. நமது சங்கப் புலவர் ஒருவர் இதே இலையில் மானின் அடியைக் கண்டார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துச் சொல், கருவாட்டுக் கூடையின் பக்கத்தில் சற்றே உரு மாறி உயிரோடு இருந்தது. உரையாசிரியர்களிடம் நான் தேடிக் கொண்டிருந்தேன்!

திரும்பும்போது அந்த முதியவரை மறுபடியும் சந்தித்தோம். முகத்துவாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கடலும் ஏரியும் கலக்கும் அந்த வாய் மணலால் தூர்ந்து போவதுண்டு. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து அதன் வழியாகவே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வாய் அடைபட்டால், கோடையில் ஏரி வற்றி உப்பு மிகுந்து விடுகிறது.

"அது மூடிக்கிட்டா எங்களுக்கும் பட்டினி, அதுங்களுக்கும் பட்டினி" என்று வடதிசையைக் காட்டினார். "நாங்களாவது பட்டணத்துக்குக் கூலி வேலைக்குப் போவோம். அதுங்க எங்கே போகும், ஐயா?"

எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பறைக்கு வெளியே ஒரே நாளில் இரண்டாவது தடவை.

ரயிலில் பிள்ளைகள் நோட்டுப் புத்தகங்களை ஒப்பிட்டுக் கொண்டார்கள். பறவைகள் பத்தொன்பது, செடிகொடிகள் பதினான்கு. நீர்விளிம்பில் ஓடித் திரிந்த சிறு பறவைகளைப் பற்றித்தான் தகராறு. எல்லாம் உள்ளான் என்றார் முதியவர். அவற்றில் கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. 25 கிராம் அளவே எடையுள்ள அது ஸைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது. நாங்கள் கண்டது அதுதானா என்று தீர்மானமாகவில்லை. பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த தையில் மறுபடியும் போய்ப் பார்ப்பதாக உத்தேசம், முகத்துவாரம் திறந்திருந்தால்.