பனங்கூடலைக் காப்போம்

வடபகுதியில் பரம்பரைக் காணி வைத்திருக்கும் பலரிடம் ஒரு பனங்கூடலும் இருக்கும். தோட்டத்துக்கு நீரும் உரமும் இடும் நாம், பனை தானாக வளர்ந்தது, தானாகவே நிற்கும் என்று விட்டுவிடுகின்றோம். போர்க்காலத்தில் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டும் எறிகணை பட்டுத் தலையிழந்தும் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. ஒரு பனை பாளை தள்ளுவதற்கு 12 முதல் 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். எஞ்சியதை இழந்தால் ஈடுசெய்வது எளிதல்ல.

பனையின் முக்கிய எதிரி காண்டாமிருக வண்டு. இது இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியது போலத் தோன்றினால் வண்டு வந்து போயிருக்கின்றது என்று அறியலாம். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது அடியோடு சேதமானால் மரம் பட்டுப்போகும். வண்டு துளைத்த காயத்தில் செவ்வண்டு முட்டையிடுவதும் உண்டு. அதன் புழுக்கள் மரத்தை உள்ளிருந்தே தின்றுவிடும்.

இந்த வண்டு எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் நமது காணியிலிருந்துதான். உக்கிய பனங்குற்றியும் எருக்கும்பியுமே அது முட்டையிடும் இடங்கள். ஆகவே நாம் செய்யக்கூடியவை இவை:

1. பட்ட மரங்களையும் விழுந்த குற்றிகளையும் உக்கவிடாது பிளந்து விறகாக்குவோம். நிற்கும் பனையைத் தறிப்பதாயின் முதலில் கிராம அலுவலரிடம் அனுமதி பற்றி விசாரிப்போம்.

2. எருக்கும்பியை இடைக்கிடை கிளறுவோம். அகப்படும் வெள்ளைப் புழுக்களைக் கோழிகள் விரும்பித் தின்னும்.

3. வடலிகளின் குருத்தடி மட்டை இடுக்குகளில், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளை இரு பங்கு மணலுடன் கலந்து இடுவோம்.

4. சோளகக் காற்று வீசும் வரட்சிக் காலத்தில் கூடலுக்கு அருகில் குப்பை கொளுத்தாதிருப்போம். தொங்கும் காவோலைகளை முன்னரே அகற்றினால் தீ மரத்தில் ஏறாது.

5. சீவல் தொழிலாளரிடம் விசாரிப்போம். மரத்தின் தலையை நாள்தோறும் பார்ப்பவர் அவரே.

ஒருவர் மட்டும் இவற்றைச் செய்தால் போதாது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பக்கத்துக் காணியில் பத்துக் குற்றிகள் உக்கிக் கிடந்தால் நமது உழைப்பு வீணாகும். வண்டுக்கு வேலி தெரியாது. ஆகவே அவருக்கு அறிவித்து, அயலவர் கூடி ஒரு நாள் சிரமதானம் செய்தால் முழுக் கூடலும் பிழைக்கும்.