சுருட்டுப் பெட்டிக்கு உப்புச் சோதனை!

1996-ம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு மரப்பெட்டி 5,74,500 டாலருக்கு ஏலம் போனது. அது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் சுருட்டுப் பெட்டி!

சுருட்டுக்குப் பெட்டி எதற்கு?

பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் சுமார் 70 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் இலை காய்ந்து வெடிக்கும். மிகுந்தால் பூசணம் பிடிக்கும். விலை உயர்ந்த ஹவானா சுருட்டும் அப்புறம் குப்பைக்குத்தான்!

ஆகவே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பார்கள். சிக்காமல் வந்துவிட்டால், ஈரமும் அந்த வழியே போய்விடும்.

உள்ளே ஈரமானி இருக்கும். அதுவும் பொய் சொல்லும்! அதைப் பிடிக்க வீட்டு உப்பே போதும். உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு சின்ன மூடியில் வைப்பார்கள். ஈரமானியையும் பக்கத்தில் வைத்து, டப்பாவில் போட்டு ஒரு நாள் இறுக மூடிவிடுவார்கள். முள் 75-ல் நின்றால் கருவி சரி. 80 காட்டினால், 5-ஐக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.