இரத்தத்தில் துருவேறாத இரும்பு

மழையில் நனைந்த ஆணி சில நாளில் துருவேறிவிடும். இரும்பும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் எளிதில் பிரிவதில்லை. நம் உடம்பிலும் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்தில், தண்ணீருக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவிலேயே இருக்கிறது. ஆனாலும் அது நுரையீரலில் ஆக்சிஜனை வாங்கி, தசையில் இறக்கிவிட்டு, மறுபடி வாங்கத் திரும்புகிறது. படைத்தவன் இதை எப்படிச் சாதித்தான்?

இரும்பு, செம்பு, கோபால்ட் போன்ற இடைநிலை உலோகங்கள் தம்மைச் சுற்றி மற்ற அணுக்களைத் திட்டமான வடிவில் நிறுத்திவைத்துக்கொள்ளும். 1893-இல் இதைத் துணிந்து சொன்னபோது வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னருக்கு வயது 26. நோபல் பரிசு 1913-இல் வந்தது. பள்ளியில் ‘அணைவுச் சேர்மங்கள்’ என்று சலித்துக்கொண்டே புரட்டினோமே, அந்தப் பாடம்தான் நம்மை மூச்சுவிட வைக்கிறது!

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் இரும்பைச் சுற்றி ஆறு இடங்கள். நான்கில் ஹீம் என்ற வளையத்தின் நைட்ரஜன்கள். ஐந்தாவதில் புரதச் சங்கிலியிலிருந்து நீளும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். ஆறாவது இடம் ஆக்சிஜனுக்கென்றே காலியாக விடப்பட்டிருக்கிறது. புரதமில்லாத ஹீமைத் தண்ணீரில் விட்டால், இரண்டு ஹீம்கள் ஓர் ஆக்சிஜனை நடுவில் பிடித்துக்கொண்டு பயனற்றுப் போகும். ஆகவே ஒவ்வொரு ஹீமும் புரத மடிப்புக்குள் தனித்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் தினமும் கொஞ்சம் இரும்பு கெடத்தான் செய்கிறது. அதை மீட்கவும் ஒரு நொதி உண்டு.

ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும், வளையத்தைவிட்டுச் சற்று விலகியிருந்த இரும்பு அதன் தளத்துக்குள் நகர்கிறது. ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குகூட வராத நகர்வு அது. ஆனால் அது ஹிஸ்டிடினை இழுக்க, ஹிஸ்டிடின் புரதத்தை அசைக்க, அதே மூலக்கூறில் உள்ள மற்ற மூன்று ஹீம்களும் ஆக்சிஜனை இன்னும் ஆவலோடு ஏற்கின்றன. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுக்கு மேல் எக்ஸ்ரே படங்களோடு போராடி இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டார். 1962-இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. எனக்கென்னவோ, அத்தனை ஆண்டுகளும் ஒருவகைத் தவம் என்றே படுகிறது.

நண்டுக்கும் ஆக்டோபஸுக்கும் இந்த வேலையைச் செய்வது செம்பு. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும், இரத்தம் நீலமாகும்.

நமது சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழிந்தாலும் இரும்பு வீணாவதில்லை. புதிய அணுக்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு வேண்டும். உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மீதியெல்லாம் பழைய அணுக்களிலிருந்து திரும்ப எடுத்த இரும்பு.