கோட்கர் மலையில் ஓர் அமெரிக்கர்

சிம்லாவிலிருந்து திபேத்தை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் ஐம்பது மைல் தூரம் போனால் கோட்கர் என்னும் ஊர்கள் வரும். மேலே தேவதாரு வனம். கீழே, மிகவும் கீழே, ஸட்லெஜ் நதி. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் இப்பொழுது ஆப்பிள் தோட்டங்கள் படிப்படியாய் இறங்குகின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இத்தோட்டங்கள் இல்லை. கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைந்த சிறு வயல்களும், அவற்றை நம்பி வாழ்ந்த எளிய குடிகளுமே இருந்தனர். அக்குடிகளின் முதுகின்மேல் ஏறித்தான் அந்நாளில் வெள்ளைக்காரப் பிரயாணிகள் இமயத்தைக் கண்டு களித்தார்கள்.

முதுகின்மேல் என்று நாம் கூறுவது அலங்காரமன்று. துரையின் கூடாரமும், கட்டிலும், குளிக்கும் தொட்டியும், துப்பாக்கிப் பெட்டியும், சாராயப் புட்டிகளும் அக்குடியானவர்களின் முதுகிலேதான் சென்றன. இந்த ஏற்பாட்டுக்கு அங்கே 'பேகார்' என்று பெயர். தமிழ்நாட்டில் நம் பாட்டன்மார் வெட்டி என்றும் அமஞ்சி என்றும் சொல்லி வந்த அதே கொடுமைதான். உத்தியோகஸ்தர் ஒருவர் சுற்றுப்பிரயாணம் புறப்பட்டால் வழியிலுள்ள கிராமங்களுக்கு உத்தரவு போகும். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அறுவடைக் காலமாயினும் சரி, வீட்டில் நோயாளி கிடந்தாலும் சரி, வரவேண்டும். துரை வரத் தாமதமானால் தங்கல் விடுதி வாசலில் காத்துக் கிடக்கவேண்டும். விறகும் புல்லும் பாலும் கொடுக்கவேண்டும். கூலி என்று ஏதேனும் கிடைத்தால் அது பெயருக்குத்தான். இது பழைய வழக்கம், நிலத்துக்கு உரிய கடமை என்று ஸர்க்கார் தரப்பில் நியாயம் சொன்னார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1850-ல் டல்ஹௌஸி பிரபுவின் காலத்தில் அந்த மலைச்சாலையை வெட்டத் தொடங்கியபோது, நல்ல பாதை அமைந்தால் குடிகளின் சுமை குறையும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பாதை வந்தது, பிரயாணிகள் பெருகினார்கள், பிரயாணிகள் பெருகவே சுமையும் பெருகிற்று. அக்காலத்துப் பிரயாண நூல்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் பனிமலையின் அழகையும் காட்டுக்கோழி வேட்டையையும் பற்றிப் பக்கம் பக்கமாய் வாசித்திருப்பார்கள். பெட்டியைச் சுமந்தவன் பெயர் மட்டும் அவற்றில் அகப்படுவது அரிது.

ஆங்கில ஆசிரியர் கிப்ளிங் எழுதிய 'லிஸ்பெத்' என்னும் கதை நடப்பது இந்தக் கோட்கரில்தான். மலைச்சரிவில் காயமுற்றுக் கிடந்த ஆங்கிலேயன் ஒருவனை ஒரு மலைநாட்டுப் பெண் தூக்கி வந்து காப்பாற்றுகிறாள். அவனோ பொய் வாக்குக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுகிறான். ஏகாதிபத்தியத்தின் கவி என்று பெயர் பெற்றவருடைய பேனாவிலிருந்தே இந்த உண்மை வெளிப்பட்டது வேடிக்கையல்லவா? வருவது, உபசாரம் பெறுவது, திரும்பிப் போவது: அந்நியர் பிரயாணத்தின் வழக்கமான வரிசை அது.

அந்த வரிசையை மாற்றியவர் ஸாமுவேல் ஈவான்ஸ் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் வந்தார், போகவில்லை.

1882-ல் பிலடெல்பியாவில் க்வேக்கர் மரபைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்டோக்ஸ். அவருடைய தகப்பனார் மாடிக் கட்டடங்களில் மனிதரை ஏற்றி இறக்கும் 'லிப்ட்' இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். பிள்ளை அத்தொழிலில் புகுந்திருந்தால் பெரிய முதலாளியாகியிருப்பார். அவரோ 1904-ல், இருபத்திரண்டு வயதும் நிறையாத பருவத்தில், கார்ல்ட்டன் என்ற வைத்தியரோடும் அவர் மனைவியாரோடும் கப்பலேறிப் பம்பாயில் வந்து இறங்கினார். சிம்லா மலையடிவாரத்தில் ஸபாத்து என்னும் ஊரில் அந்த வைத்தியர் நடத்தி வந்த குஷ்டரோகிகள் விடுதியில் ஊழியம் செய்ய வந்தவர் அவர். மறு ஆண்டு ஏப்ரலில் காங்க்ராவில் கொடிய பூகம்பம் நேர்ந்தபோது அங்கே சென்று நிவாரண வேலை செய்தார். பிறகு கோட்கரை அடைந்தார். அதுவே அவருடைய ஊராயிற்று.

வந்த சில வருஷங்களில் அவர் ஸாதுவாகவே மாறிவிட்டார். கையிலிருந்த பொருளைக் கொடுத்துவிட்டு, நம் நாட்டுத் துறவிகளைப் போல் உடுத்தி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டு மலைநாட்டில் நடந்து திரிந்தார். 1910-ல் ஏசுநாதரின் வழியைப் பின்பற்றும் சகோதர சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். ஸாது சுந்தர் ஸிங்கும் தீனபந்து ஆண்ட்ரூஸும் அவருக்கு நெருங்கியவர்கள். வெள்ளைத் தோலுடைய ஸந்நியாசியைக் கண்டால் நம்மவர் காலில் விழத் தயங்குவதில்லை. புகழுக்கு ஆசைப்படுபவராயிருந்தால் அந்த நிலையிலேயே ஆயுள் முழுவதும் சுகமாக இருந்திருக்கலாம். ஸ்டோக்ஸுக்கு அது திருப்தி அளிக்கவில்லை. ஸந்நியாசி எவ்வளவு அன்புடையவனாயினும் கிராமத்துக்கு வெளியாள்தான். வரி கொடுப்பவனல்லன், விதைப்பவனல்லன், பெண்ணெடுத்துப் பெண் கொடுப்பவனல்லன். ஜனங்களோடு ஒன்றாக வேண்டுமானால் அவர்களைப் போல் குடித்தனம் செய்யவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சங்கம் நீடிக்கவில்லை. 1912-ல் அவர் அந்த மலைநாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் என்ற பெண்ணை விவாகம் செய்துகொண்டு, பாரோபாகில் நிலம் வாங்கி, கல்லும் மரமுமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு ஸம்ஸாரியானார். துறவறத்திலிருந்து இறங்கி வந்தார் என்று சிலர் பேசியிருக்கலாம். நம் அபிப்பிராயத்தில் அவர் ஏறியது அப்பொழுதுதான்.

குற்றம் குறை இல்லாதவராக அவரைக் காட்டுவது நம் நோக்கமன்று. முதல் ஐரோப்பிய யுத்தத்தின்போது அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, மலைநாட்டு வாலிபர்களைப் பட்டாளத்துக்குத் திரட்டும் வேலையைச் செய்தார். அந்நாளில் காந்தியடிகளே கேடா ஜில்லாவில் ஆள் திரட்டப் புறப்பட்டவர் என்பதை நினைத்தால், பிரிட்டிஷாரின் வாக்கை நம்பி ஏமாந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர் என்பது விளங்கும். 1919-ல் ஜாலியன்வாலாபாகில் குண்டுகள் பொழிந்தன. அந்த நம்பிக்கையும் அத்துடன் மாண்டது.

அதற்குப் பின் நடந்த பேகார் போராட்டந்தான் அவர் வாழ்க்கையின் சாரம் என்று நாம் கருதுகிறோம். அதில் பெரிய மேடைகள் இல்லை, பெரிய ஊர்வலங்கள் இல்லை. மலைச்சரிவில் சிதறிக் கிடந்த சில கிராமங்கள். எழுத்து வாசனையறியாத குடிகள். ஒரு பக்கம் ஸர்க்கார், இன்னொரு பக்கம் குறுநில மன்னர்கள். ஸ்டோக்ஸ் முதலில் எழுதினார். உத்தியோகஸ்தர்களுக்கு மனுமேல் மனுவாக எழுதினார், பத்திரிகைகளிலும் எழுதினார். துரைமாருடைய சௌகரியத்துக்காகக் குடியானவனைப் பிடித்து இழுப்பதற்கு எந்தத் தர்மம் இடங்கொடுக்கிறது என்பதே அவர் கேள்வி. துரைமாருக்கு இது பெரிய அசௌகரியமாயிருந்தது. கறுப்பு மனிதன் கேட்டால் ராஜத்துரோகம் என்று தள்ளிவிடலாம். தங்களோடு விருந்துண்ணக்கூடிய வெள்ளையன் ஒருவன் கேட்கிறானே, என்ன செய்வது!

மனு எழுதுவதால் மட்டும் காரியம் ஆகாது என்று கண்டபின் ஊரார் கூடிக் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். தனித்தனியே பயமுறுத்தினால் ஒருவரும் இணங்குவதில்லை; பலாத்காரம் எதுவும் செய்வதில்லை; கட்டாயச் சுமையை மட்டும் தொடுவதில்லை. தங்கல் விடுதிகளில் பெட்டிகளைத் தூக்க ஆளில்லை என்ற நிலை வந்தால் ராஜ்யபாரம் எப்படி நடக்கும்? சூழ இருந்த வனத்தில் விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் ஸர்க்காரின் தயவில் இருந்தபடியால், குடிகளுக்கு இது விளையாட்டான காரியமன்று. ஆயினும் அவர்கள் அசையவில்லை. 1921-ல் ஸர்க்கார் இறங்கி வந்தது; கோட்கர் பகுதியில் கட்டாய வேலை ஒழிந்தது. அதே வருஷம் ஜனவரி மாதம் குமாவுன் மலைநாட்டில் பாகேசுவரத் திருவிழாவுக்குக் கூடிய ஜனங்கள், பத்ரி தத்த பாண்டேயின் தலைமையில், கூலிப் பதிவேடுகளையே ஸரயூ நதியில் எறிந்துவிட்டார்கள். ஒத்துழையாமை என்றவுடன் பட்டணத்து வக்கீல்களின் தியாகத்தை மட்டும் நினைப்பவர்கள் இந்த மலைக்குடிகளையும் சிறிது நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குள் ஸ்டோக்ஸ் காங்கிரஸில் முழுவதும் இறங்கிவிட்டார். 1920-ல் நாகபுரிக் காங்கிரஸுக்குப் பிரதிநிதியாகச் சென்றார். கதர் உடுத்தினார். அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியிலும் அங்கம் வகித்தார். ஸர்க்கார் உத்தியோகத்தை விட்டு வெளியேறும்படி இந்தியர்களைக் கேட்டு 1921-ல் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையொப்பமிட்ட அந்நியர் இவர் ஒருவரே. அந்நாளில் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகங்கள் நம் சென்னையிலே அச்சாகி வெளிவந்தன என்பது தமிழர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1921 டிசம்பரில் லாகூருக்குச் செல்லும் வழியில் அவரைக் கைது செய்தார்கள். அவர் எதிர் வழக்காடவில்லை. ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதைப் பற்றிக் காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் எழுதினார். அவர் இந்தியரோடு இந்தியராய் நின்று துயரத்தைப் பங்கிட்டுக்கொள்வதை ஸர்க்காரால் பொறுக்க முடியவில்லை என்பது அக்கட்டுரையின் கருத்து. கோட்கரில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி ஆப்பிள் கதை. இமயமலையில் ஆப்பிள் அவருக்கு முன்பே உண்டு. குலூ பள்ளத்தாக்கில் 1870-ஆம் ஆண்டையொட்டி லீ என்ற ஆங்கிலத் தளகர்த்தர் தோட்டம் போட்டிருந்தார். அவை ஆங்கிலேயர் நாவுக்கு உகந்த புளிப்பு ஜாதிகள். நம்மவர் விரும்பி வாங்கவில்லை. அமெரிக்காவில் மிஸௌரி மாகாணத்து ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றங்காலில் 'டெலிஷஸ்' என்னும் சிவந்த இனிப்பு ஜாதி பெருகி வருவதை அறிந்த ஸ்டோக்ஸ், 1916-ல் அதன் கன்றுகளைக் கொண்டுவந்து தம் நிலத்தில் நட்டார். கோட்கரின் குளிர்காலப் பனியும் சரிவான மண்ணும் அதற்கு இசைந்தன. 1921-ல் மஞ்சள் நிறமுள்ள 'கோல்டன் டெலிஷஸ்' கன்றுகளை அவர் தாயார் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பினாராம். பிள்ளைக்குத் தாய் பட்டுச் சட்டை அனுப்பவில்லை, மரக்கன்று அனுப்பினாள். பிள்ளையை நன்றாய் அறிந்த தாய் போலும்!

கன்று வைத்ததும் காய்ப்பதில்லை. சில வருஷம் காத்திருக்க வேண்டும். அரைவயிற்றுக் குடியானவனிடம் போய், கிழங்கு விளையும் வயலில் கிழங்கை விட்டுவிட்டு மரம் வை என்று சொன்னால் அவன் சிரிப்பான். ஸ்டோக்ஸ் கன்றுகளை இலவசமாய்க் கொடுத்தார். வெட்டவும் ஒட்டவும் கற்பித்தார். தம் தோட்டத்தில் பழுத்த பழத்தைக் கண்ணால் காட்டினார். கண்டபின் நம்பினார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளைப் போல் நிலத்தையெல்லாம் வளைத்துக்கொண்டு குடிகளைக் கூலிகளாக்கியிருக்கலாம். அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் நடந்தது அதுவே. அந்த வழியில் அவர் போகாததால், கோட்கரில் குடியானவனே தோட்டக்காரனானான். இன்று காஷ்மீரத்துக்கு அடுத்தபடியாக ஆப்பிள் விளைவது ஹிமாசலப் பிரதேசத்திலேயே. அந்த விளைச்சலில் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து வருகிறது.

அவருடைய பிற்கால வாழ்வில் துக்கமும் இருந்தது. தாரா என்ற சிறு மகன் நோயால் இறந்தான். அவன் பெயரால் கோட்கரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். உபநிஷதங்களில் ஈடுபட்டு, 1932-ல் ஹிந்து மதத்தைத் தழுவி, சத்யானந்தர் என்று பெயர் சூடினார். ஆக்னஸ் பிரியாதேவி ஆனார். இதை ஒரு மதத்தின் ஜயபேரிகையாக முழக்கியவர்கள் உண்டு. அவருக்கு அது விசாரத்தினால் வந்த முடிவு. தம் குழந்தைகள் அந்த மலைநாட்டாரிடையே அந்நியராக நின்றுவிடக்கூடாது என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. தானேதார் குன்றின்மேல் மரத்தால் அவர் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. 1946 மே மாதம் 14-ந் தேதி அவர் காலமானார். சுதந்திர தினத்துக்கு இன்னும் பதினைந்து மாதங்கள் இருந்தன.

ஆப்பிள் பறிக்கும் மாதங்களில் இப்பொழுது அம்மலைகளுக்கு நேபாளத்திலிருந்து தொழிலாளர் திரள் திரளாய் வருகிறார்கள். லாரி நிற்கும் சாலைக்கும் மரம் நிற்கும் சரிவுக்கும் இடையே செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். பழப் பெட்டிகளைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு அவர்கள் ஏறுகிறார்கள். பேகாரில் வந்தவர்களல்லர், கூலி பேசி வந்தவர்கள். சுமப்பவன் பெயரை அன்று ஒருவர் கேட்டார். அவர் நட்ட மரங்களின் வழிவந்த பழத்தைத்தான் இவர்கள் சுமக்கிறார்கள். இவர்கள் எந்த ஊரார், இரவில் எங்கே படுக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதைக் கோட்கர்த் தோட்டக்காரர்கள் அறிந்திருக்கிறார்களா என்று நாம் கேட்பதில் தவறில்லை.