பால் சேராதவர்க்கும் ஒரே பந்தி



எல்லாரும் மகிழ்ந்து உண்ணும் பந்தியில் ஒரு பிள்ளை மட்டும், "இதில் பால் சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டுத் தயங்கி நிற்பதைக் கவனித்ததுண்டா? பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் நொதி, குழந்தைப் பருவத்திற்குப் பின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அதனால் வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகின்றன. பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலின் புரதத்தை உடல் எதிர்ப்பதால் வருவது. அத்தகையோருக்குச் சிறிதளவு பாலும் ஆபத்தாகலாம்.

நகரத்துக் கடைகளில் கிடைக்கும் முட்டை சேராத மயோனைஸ் வகைகள் பலவற்றில் பால் பவுடர் உண்டு. பொட்டலத்தின்மேல் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே குறிக்கும். பால் இல்லை என்பதற்கு அது சாட்சியன்று. ஆகவே உட்பொருள் பட்டியலை வாசித்தறிவது அவசியம்.

அதைவிட நல்ல வழி, நம்மவரில் பலர் விட்டுவந்த மலையிலேயே இருக்கிறது. இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு ஏலக்காய்க்குப் பெயர்பெற்ற ஊர். கம்பம், போடி பகுதிகளிலிருந்து மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் அந்த ஏலத்தோட்டங்களில் உழைத்து வருகின்றன. வேகவைத்த கப்பைக்கிழங்கும், அதைத் தொட்டுண்ணக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் இடுக்கி மலைநாட்டின் எளிய உணவு. அந்தச் சம்மந்தியைத் தேங்காய்ப்பாலில் குழைத்தால், பாலாடை போன்ற காரத் தொடுகறி ஆயத்தமாகும்.

தேவையானவை:
காந்தாரி மிளகாய் – 8
சின்ன வெங்காயம் – 10
முந்திரிப்பருப்பு – 20
தேங்காய் – அரை மூடி
புளி – சிறு கோலியளவு
தேங்காயெண்ணெய் – 2 தேக்கரண்டி
உப்பு – தேவைக்கு

செய்முறை:
முந்திரியை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்தெடுங்கள். தேங்காயைத் துருவி, கால் தம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கெட்டியான முதற்பாலைப் பிழியுங்கள். மிளகாய், வெங்காயம், புளி, உப்பு ஆகியவற்றை அம்மியிலோ மிக்ஸியிலோ நைத்து, முந்திரி விழுதுடன் சேருங்கள். பின்பு தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, வேண்டிய பதம் வந்ததும் நிறுத்துங்கள். இறுதியில் எண்ணெயை ஊற்றுங்கள்.

இதை அடுப்பில் ஏற்ற வேண்டாம். கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். மிளகாயின் காரம் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகையால் தேங்காயின் கொழுப்பு அதன் கடுமையைத் தணிக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு 2 மிளகாய் போதும். காந்தாரி கிடைக்காவிடில் பச்சை மிளகாய் உதவும். முந்திரி ஒவ்வாதவர்கள் பொட்டுக்கடலையைச் சேர்க்கலாம். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

கப்பைக்கிழங்கைத் தோலுரித்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை அதனால் பெரிதும் நீங்கும். தோசைக்கும் பொரித்த மீனுக்கும்கூட இத்தொடுகறி பொருந்தும். தேங்காய்ப்பால் விரைவில் கெடுவதால் அன்றன்றைக்குச் செய்து உண்பதே நலம். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை சபையின் அன்பின் விருந்துக்கு இதை ஒரு கிண்ணம் கொண்டுசெல்லுங்கள். பால் சேராத அந்தப் பிள்ளை, கேள்வி கேளாமல் எல்லாரோடும் அமர்ந்து உண்ணட்டும்.