மண்வெட்டியைத் தின்னும் கறள்

மாலையில் வேலை முடிந்து வந்து, மண்வெட்டியைக் கழுவி, ஈரத்தோடு வீட்டு மூலையில் சாத்திவிடுகிறோம். விடியும்போது மினுங்கிய அலகில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றன. ஒரே இரவில் அந்த இரும்புக்கு என்ன நடந்தது?

இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பிள்ளைகளையும் கூட்டி வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். நான்கு கண்ணாடிப் போத்தல்களும், மினுங்கும்வரை மணலில் தேய்த்த நான்கு இரும்பாணிகளும் போதும்.

முதலாம் போத்தலில் ஆணி பாதி அமிழ நல்ல தண்ணீர் விட்டுத் திறந்து வையுங்கள். இரண்டாம் போத்தலில், நன்கு கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட நீரை ஆணி முழுவதும் மூழ்க ஊற்றி, அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுங்கள். கொதிக்கும்போது நீரிற் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும். எண்ணெய் புதிய காற்றை எளிதில் உள்ளே விடாது. மூன்றாம் போத்தலில் நீர் வேண்டாம். வறுத்து ஆறிய அரிசியையும் ஆணியையும் இட்டு இறுக மூடுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நான்காம் போத்தலில் ஆணி பாதி அமிழ உப்பு நீர் விட்டுத் திறந்து வையுங்கள்.

ஒரு வாரத்தின் பின் பாருங்கள். முதலாம், நான்காம் ஆணிகளில் கறள் ஏறியிருக்கும். உப்பு நீரில் கிடந்தது கூடுதலாகப் பழுதடைந்திருக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். காற்று மட்டும் இருந்தாலும் கறள் இல்லை. நீர் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் சேரும்போதுதான் இரும்பு அழிகிறது.

நாம் மூச்சாக இழுக்கும் ஒட்சிசனே ஈரத்தின் துணையோடு இரும்புடன் கூடிக் கறளாகிறது. கறள் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே வர, அதையும் கறள் பிடிக்கும். இப்படியே அலகு மெலிந்து போகிறது.

நாள்தோறும் மண்ணிற் புரளும் மண்வெட்டியை மண்ணே தேய்த்து மினுக்கிவிடும். சும்மா கிடக்கும் கருவியிலேதான் கறள் யாரும் அறியாமல் ஆழமாக இறங்குகிறது. காணியை விட்டு வந்த குடும்பங்களின் மண்வெட்டி, கோடாலி, அலவாங்கு, அரிவாள் யாவும் இன்று சும்மா கிடப்பவையே. காணிக்குத் திரும்பும் நாளில் முதலில் கைக்கு வேண்டியவையும் அவையே. அன்று அவை உதவாவிட்டால், விதைநெல்லுக்கு வைத்த பணம் கருவிக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியது சிறிதளவே. கருவியைக் கழுவித் துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். பிடி செருகிய துவாரத்தில் ஈரம் ஒளிந்திருக்கும், அதையும் கவனியுங்கள். பின்பு எண்ணெய்த் துணியால் அலகு முழுவதையும் துடையுங்கள். அந்த மெல்லிய பூச்சு காற்றையும் நீரையும் தடுத்துவிடும். கருவியை நிலத்தில் போடாது தூக்கி மாட்டுங்கள். உப்பு மூட்டை, உர மூட்டை அருகில் வைக்க வேண்டாம். ஏற்கெனவே கறள் பிடித்திருந்தால் புளிக்கரைசலில் ஊறவிட்டு, பொச்சும் மணலும் கொண்டு தேய்த்து, நன்கு கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள்.

அயலிலுள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பேணி எண்ணெயும் ஒரு பழந்துணியும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன்னரே இதைத் தொடங்குங்கள்.